மூலிகையின் நுண்ணுயிர் எதிர்ப்பாற்றலை அளக்க எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலோ தாவரவியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிக்கும் முதுகலை மாணவர் ஒருவர் இறுதியாண்டு ஆய்வுக்கு மூலிகை ஒன்றை எடுத்துக்கொண்டால், அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "வட்டு முறையா, குழி முறையா?" என்பதாகவே இருக்கிறது. பாக்டீரியாவைப் பரப்பிய அகார் என்ற கூழ் ஊடகத்தின் மேல், சாரம் ஏற்றிய தாள் வட்டை வைப்பது வட்டு முறை; அதில் துளையிட்டுச் சாரத்தை ஊற்றுவது குழி முறை. குப்பைமேனி, ஆடாதொடை, நொச்சி, துளசி, நிலவேம்பு என்று செடி மாறுகிறதே தவிர, அகார் தட்டில் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தோன்றுகிறதா என்று பார்ப்பதும், அதை மில்லிமீட்டரில் அளப்பதும், பெரிய வளையம் தந்த சாரமே வீரியமானது என்று முடிப்பதும் மாறுவதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஒரு சோதனைக்குத்தான் காலமும் பொருளும் இருக்கிறது என்றால், அந்த ஒன்று, சாரத்தைத் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் திரவ நுண்நீர்த்தல் முறையாக இருக்க வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், எந்தச் சூழலில் மற்ற முறைகளை அதற்கு முன்போ பின்போ வைக்கலாம் என்பதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கல்லூரி ஆய்வகத்தின் எல்லைக்குள் செய்யக்கூடிய முறைகள் அகாரில் பரவும் முறை, நீர்த்தல் முறை, சாரத்தின் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தட்டின் மேல் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் உயிர்ப்பதிவு முறை, நேரத்தோடு உயிரணு எண்ணிக்கை குறைவதைக் கணக்கிடும் கொல்திறன் முறை என நான்கு வகைக்குள் அடங்கிவிடும். பரவும் முறையில் வட்டு, குழி என்ற இரு வடிவங்களும், நீர்த்தல் முறையில் திரவம், அகார் என்ற இரு வடிவங்களும் உண்டு.

வட்டு முறை இன்றைய வடிவத்தைப் பெற்றது 1966ஆம் ஆண்டில். பாயர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் செய்த பணியின் விளைவாக, ஊடகம், வட்டில் ஏற்றும் மருந்தின் அளவு, பாக்டீரியாவின் அடர்த்தி ஆகிய அனைத்தும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டன. முல்லர் ஹிண்டன் அகார் என்ற ஊடகம் 4 மி.மீ. தடிமனில் ஊற்றப்பட வேண்டும், அதன் பி.எச். 7.2க்கும் 7.4க்கும் இடையில் இருக்க வேண்டும். பாக்டீரியாக் கரைசல் மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற கலங்கல் அளவுக்கு, அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 20 கோடி உயிரணுக்கள் இருக்கும்படி அமைக்கப்பட வேண்டும், 6 மி.மீ. வட்டுகள் வைத்த தட்டை 35 பாகை செல்சியசில் 16 முதல் 18 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இத்தனை கட்டுப்பாடு தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வளையத்தின் ஓரம் என்பது, மருந்து அகாருக்குள் பரவிச் செல்லும் வேகத்துக்கும் பாக்டீரியா பெருகும் வேகத்துக்கும் இடையே முதல் சில மணி நேரத்திலேயே நடந்து முடியும் ஒரு போட்டியின் எல்லைக்கோடு. அகாரின் தடிமன் கூடினாலும், பாக்டீரியாவின் அடர்த்தி குறைந்தாலும், மருந்தின் மூலக்கூறு பெரிதாக இருந்தாலும் அந்தக் கோடு நகர்ந்துவிடும்.

மருத்துவமனை ஆய்வகத்தில் வளையத்தின் அளவுக்குப் பொருள் இருப்பது எதனால் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக, ஏராளமான பாக்டீரியா வகைகளைக் கொண்டு, வளையத்தின் விட்டமும் குறைந்தபட்சத் தடைச் செறிவும் (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) எப்படித் தொடர்புறுகின்றன என்று கண்டறிந்து அட்டவணையாக்கி வைத்திருப்பதால்தான் அந்த எண் பேசுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்கு எதிராகப் பெனிசிலின் வட்டைச் சுற்றி 28 மி.மீ. வளையம் வந்தால், அமெரிக்காவின் ஆய்வகத் தரநிலை நிறுவனமான சி.எல்.எஸ்.ஐ.யின் அட்டவணைப்படி அந்தப் பாக்டீரியா பெனிசிலினுக்குக் கட்டுப்படாதது. அதே பாக்டீரியாவுக்கு ஜென்டாமைசின் வட்டைச் சுற்றி 15 மி.மீ. வந்தாலே அது கட்டுப்படும் வகை. பெரிய வளையம் தோல்வியையும் சிறிய வளையம் வெற்றியையும் குறிக்கக்கூடிய ஒரு சோதனையில், இரு வேறு பொருள்களின் வளையங்களை அருகருகே வைத்து எது வீரியமானது என்று எப்படிச் சொல்ல முடியும்?

தூய மருந்துகளிலேயே சில இந்த முறைக்கு அடங்குவதில்லை. வான்கோமைசினின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 1,450. அது அகாரில் மெதுவாகப் பரவுவதால், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியசுக்கு அதை வட்டு முறையில் சோதிப்பதையே கைவிட்டு, தடைச் செறிவை நேரடியாகக் கண்டறியச் சொல்கிறார்கள். கொலிஸ்டினுக்கும் இதே நிலைதான். மருத்துவ உலகில் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் இவ்விரு மருந்துகளும் முன்பின் தெரியாத செடிச் சாரங்களாக நம் மேசைக்கு வந்திருந்தால், வளையம் சிறியது என்று சொல்லிக் கழித்துக் கட்டியிருப்போம். மூலிகைச் சாரத்தில் இந்தச் சிக்கல் பன்மடங்காகிறது. அதில் உள்ளது ஒரு பொருளன்று. கொழுப்பில் கரையும் டெர்பீன்கள், நீரில் கரையும் கிளைக்கோசைடுகள், புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் டானின்கள், வட்டின் தாள் இழைகளிலேயே தங்கிவிடக்கூடிய நேர்மின்சுமை கொண்ட ஆல்கலாய்டுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நீர்ப்பாங்கான அகாருக்குள் எண்ணெய்ப்பாங்கான பொருள் நகரவே நகராது. ஆகவே ஹெக்சேன் சாரத்துக்கு வளையம் வரவில்லை என்றால், அதில் எதிர்ப்பாற்றல் இல்லை என்றும் பொருள் கொள்ளலாம், இருந்தும் வட்டைவிட்டு வெளியே வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். தட்டைப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 50 மி.கி. செறிவுள்ள சாரத்தில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து வட்டில் ஏற்றினால், அந்த வட்டில் இருப்பது 1 மி.கி., அதாவது 1,000 மைக்ரோகிராம். அருகில் ஒப்பீட்டுக்காக வைக்கும் ஜென்டாமைசின் வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். சாரத்துக்கு 18 மி.மீ., ஜென்டாமைசினுக்கு 20 மி.மீ. வந்தது என்று சொல்லி, "செயற்கை மருந்துக்கு ஏறத்தாழ நிகரான ஆற்றல்" என்று எழுதும்போது, எடையில் 100 மடங்கு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. சாரம் தூய பொருளன்று என்பதால் இந்த ஒப்பீட்டில் சாரத்துக்கு ஓரளவு சலுகை தரலாம் என்று வாதிடலாம். அப்படியானால் அந்தச் சலுகையையும் எடைக் கணக்கையும் எழுத்தில் வைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

வட்டுக்கும் குழிக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டியிருந்தால், நான் நீர்ச் சாரங்களுக்குக் குழியையும் மற்றவற்றுக்கு வட்டையும் சொல்வேன். குழியில் 50 முதல் 100 மைக்ரோலிட்டர் வரை ஊற்றலாம். சற்றுக் கலங்கலான சாரமும் தாளில் வடிகட்டப்படாமல் அகாரைத் தொடும். ஆனால் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைத்த சாரத்தைக் குழியில் அப்படியே ஊற்றினால், அந்த அளவு டி.எம்.எஸ்.ஓ.வே தன்னளவில் பாக்டீரியாவை ஒடுக்கி வளையம் தரக்கூடும். கரைப்பானை மட்டும் ஊற்றிய ஒரு குழி ஒவ்வொரு தட்டிலும் இருந்தாக வேண்டும் என்பது இதனால்தான். வட்டு முறையில் மெத்தனாலோ அசிட்டோனோ பயன்படுத்தினால், வட்டை முழுவதும் உலர்த்திவிட்ட பிறகு வைக்கலாம் என்பது அதன் நன்மை.

இனி நீர்த்தல் முறைக்கு வருவோம். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், சாரத்தை ஒவ்வொரு குழியிலும் பாதிப் பாதியாகச் செறிவு குறையும்படி நீர்த்து, எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு பாக்டீரியாவைச் சேர்த்து, வளர்ச்சி எந்தச் செறிவுவரை தடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே இது. பொருள் பாக்டீரியாவைத் தேடி அகாருக்குள் நகர வேண்டிய தேவை இல்லை. இரண்டும் ஒரே துளியில் இருக்கின்றன. கிடைக்கும் விடை மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற செறிவாக இருப்பதால், கோவையில் செய்ததைக் கேமரூனில் செய்ததோடு ஒப்பிட முடிகிறது. தாவரச் சாரங்களுக்கு இதை ஏற்புடையதாக்கியவர்களில் முக்கியமானவர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவைச் சேர்ந்த எலாஃப். சாரத்தின் கலங்கலையும் நிறத்தையும் மீறி வளர்ச்சியைக் கண்ணால் காண, உயிருள்ள பாக்டீரியா இருந்தால் செந்நிறமாக மாறும் டெட்ராசோலியம் சாயத்தைச் சேர்க்கும் வழியை அவர் 1998இல் விளக்கினார். இன்று பலர் அதே நோக்கத்துக்கு ரெசாசுரின் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

செய்முறையின் கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிழை நுழைவது பெரும்பாலும் இங்கேதான். சாரத்தை டி.எம்.எஸ்.ஓ.வில் மில்லிலிட்டருக்கு 100 மி.கி. ஆகக் கரைத்துக்கொண்டு, முல்லர் ஹிண்டன் பிராத் என்ற திரவ ஊடகத்தில் 50 மடங்கு நீர்த்தால் 2 மி.கி. செறிவும் 2 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ.வும் இருக்கும். அதிலிருந்து தொடங்கி, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் இருக்குமாறு வரிசையாகப் பாதிப் பாதியாக நீர்க்க வேண்டும். மெக்ஃபார்லண்ட் 0.5 அளவிலான பாக்டீரியாக் கரைசலை 100 மடங்கு நீர்த்து, ஒவ்வொரு குழியிலும் 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால், மில்லிலிட்டருக்கு 5 லட்சம் உயிரணுக்கள் என்ற ஏற்கப்பட்ட அளவு கிடைக்கும். சாரத்தின் செறிவு முதல் குழியில் 1,000 மைக்ரோகிராமிலும், எட்டாவது குழியில் 7.8 மைக்ரோகிராமிலும் வந்து நிற்கும், டி.எம்.எஸ்.ஓ. எந்தக் குழியிலும் 1 விழுக்காட்டைத் தாண்டாது. இதே போலச் சாரமில்லாமல் டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் நீர்த்த ஒரு வரிசை, பாக்டீரியா மட்டும் உள்ள குழி, ஊடகம் மட்டும் உள்ள குழி ஆகியவை அதே தட்டில் இருக்க வேண்டும்.

இவற்றோடு, பலரும் விட்டுவிடும் இன்னொரு வரிசையும் வேண்டும். சாரத்தோடு ஊடகத்தைச் சேர்த்து, பாக்டீரியாவைச் சேர்க்காமல் விட்ட வரிசை அது. நெல்லிக்காய், கடுக்காய் போன்றவற்றின் சாரங்களில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் மிகுதி. பாக்டீரியாவே இல்லாதபோதும் அவை ரெசாசுரினையும் டெட்ராசோலியம் சாயங்களையும் தாமாகவே நிறம் மாற்றக்கூடியவை. அந்த வரிசை இல்லாவிட்டால், நன்றாகத் தடுக்கும் சாரத்தையும் தடுக்கவில்லை என்று எழுதிவிட நேரும். மஞ்சள் சாரத்திலோ வேறு வகைச் சிக்கல் வருகிறது. குர்குமின் நீரில் ஏறத்தாழக் கரையாதது, ஒளியில் சிதையக்கூடியது, அடர்ந்த மஞ்சள் நிறம் கொண்டது. அதன் தட்டை ஒளியடர்த்தி மானியில் அப்படியே வைத்துப் படித்தால் வரும் எண்ணில் எவ்வளவு பாக்டீரியாவுக்கு உரியது, எவ்வளவு மஞ்சள் நிறத்துக்கு உரியது என்று தெரியாது. இத்தகைய சாரங்களுக்கு, ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளியைப் புதிய அகாரில் இட்டு மறுநாள் வளர்ச்சியைப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. இதையே அளவறிந்து செய்து, தொடக்கத்தில் இருந்த உயிரணுக்களில் 99.9 விழுக்காடு அழிந்திருக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டால், குறைந்தபட்சக் கொல் செறிவும் கூடவே கிடைத்துவிடும். அது தடைச் செறிவைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் அந்தச் சாரம் கொல்லும் இயல்புடையது என்றும், அதற்கு மேற்பட்டால் வளர்ச்சியை நிறுத்தி மட்டும் வைக்கிறது என்றும் கொள்வது வழக்கம்.

நீர்த்தல் முறை தரும் எண்ணை எப்படி மதிப்பிடுவது என்பதில் துறையில் ஓரளவு ஒத்த கருத்து இருக்கிறது. ஸ்பெயினின் ரியோஸ், ரெசியோ ஆகியோர் 2005இல், சாரங்களை மில்லிலிட்டருக்கு 1 மி.கி.க்கு மேற்பட்ட செறிவில் சோதித்து ஆற்றல் உண்டு என்று சொல்வதைத் தவிர்க்க வேண்டும் என்றும், 100 மைக்ரோகிராமுக்குக் கீழே தடுப்பவையே உண்மையில் கவனத்துக்குரியவை என்றும் எழுதினார்கள். கேமரூனின் குவேட்டே 2010இல், 100 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறிப்பிடத்தக்கது, 100 முதல் 625 வரை நடுத்தரம், அதற்கு மேல் வலுவற்றது என்று பிரித்தார். இந்த எல்லைகள் கடுமையானவை என்று மாணவர்கள் வருந்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் மில்லிலிட்டருக்கு 10 மி.கி. என்ற செறிவில்தான் சாரம் வேலை செய்கிறது என்றால், ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உள்ள ஒருவருக்கு அந்தச் செறிவை எட்ட, 50 கிராம் உலர்ந்த சாரம் ஒரே நேரத்தில் குருதியில் கலந்திருக்க வேண்டும். உட்கொள்ளும் மருந்தாக அது நடக்காத காரியம். குப்பைமேனி இலையைத் தோலில் அரைத்துப் பூசுவதற்கோ வாய் கொப்பளிக்கும் கசாயத்துக்கோ இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே உயர்ந்த செறிவு நேரடியாகவே இடத்தைத் தொடுகிறது. எனவே சாரம் எந்த வழியில் பயன்படப் போகிறது என்பதைச் சொல்லிவிட்டு எல்லையை வைத்துக்கொள்வதே நேர்மை.

அகார் நீர்த்தல் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாரத்தை உருகிய அகாரிலேயே கலந்து தட்டாக்கி, அதன் மேல் பல பாக்டீரியா வகைகளைப் புள்ளி புள்ளியாக இடும் முறை இது. ஒரே சாரத்தை இருபது முப்பது வகைகளின் மேல் பார்க்க வேண்டியவர்களுக்கும், சாரம் கருமையாகவோ வீழ்படிவு மிகுந்தோ இருப்பதால் திரவத்தில் எதையும் காண முடியாதவர்களுக்கும் இது ஏற்றது. சாரம் நிறையத் தேவைப்படும் என்பதே இதன் குறை.

சாரத்தில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று தேடப் போகிறவருக்கு உயிர்ப்பதிவு முறை இன்றியமையாதது. சாரத்தை மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தட்டில் பிரித்து, கரைப்பானை முழுவதும் ஆவியாக்கி, பாக்டீரியாக் கரைசலைத் தெளித்து, ஈரமான பெட்டியில் வைத்து, பின்னர் டெட்ராசோலியம் சாயத்தைத் தெளித்தால், உயிருள்ள இடமெல்லாம் ஊதா அல்லது செந்நிறமாகவும், பாக்டீரியா தடுக்கப்பட்ட இடம் வெண்புள்ளியாகவும் தெரியும். சில மைக்ரோகிராம் பொருளே போதும். மரமஞ்சள் தண்டின் சாரத்தை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள பெர்பெரின் புற ஊதா விளக்கில் மஞ்சளாக ஒளிர்வதால், தூய பெர்பெரினைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒளிரும் இடமும் வெண்புள்ளியும் ஒன்றாக அமைகின்றனவா என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். மாணவருக்கு வேதியியலையும் நுண்ணுயிரியலையும் ஒருசேரக் கற்றுத்தரும் சோதனை வேறு எதுவும் இந்த அளவுக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் இதே பெர்பெரின்தான் அந்த முறையின் எல்லையையும் காட்டுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தன் செல்லுக்குள் நுழையும் பெர்பெரினை நோர்-ஏ என்ற வெளியேற்றுப் புரதத்தின் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அமெரிக்காவில் வளரும் பெர்பெரிஸ் செடிகளில், பெர்பெரினோடு சேர்ந்து இருக்கும் மெத்தாக்சிஹிட்னோகார்பின் என்ற பொருள் அந்தப் புரதத்தை முடக்கி, பெர்பெரினின் ஆற்றலைப் பெருக்குவதை 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அந்தப் பொருளுக்குத் தனியாக எதிர்ப்பாற்றல் கிடையாது. நிறப்பிரிகைத் தட்டில் இரண்டும் பிரிந்துவிடும். துணைப்பொருள் இருக்கும் இடத்தில் வெண்புள்ளியே தோன்றாது. முழுச் சாரத்தின் தடைச் செறிவு தெரிந்திருந்தால் மட்டுமே, பிரித்த பின் ஆற்றல் குறைந்துவிட்டது, ஏதோ ஒரு துணை காணாமற் போயிருக்கிறது என்று நாம் ஐயுற முடியும். நீர்த்தல் முறையை முதலில் வைக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

கொல்திறன் முறை கடைசிக் கட்டத்துக்கு உரியது. தடைச் செறிவிலும் அதன் இரண்டு, நான்கு மடங்குகளிலும் பாக்டீரியாவை வைத்து, குறித்த நேரங்களில் எடுத்து எண்ணுவது மிகுந்த உழைப்பைக் கேட்கும் வேலை. தடைச் செறிவு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்த சாரத்துக்கோ, பிரித்தெடுத்த தூய பொருளுக்கோ அதைச் செய்தால் போதும்.

சோதனை முறையைவிடச் சாரம் எடுக்கும் முறையே முடிவைப் பெரிதும் மாற்றுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டெமிசினின் கதை இதற்குப் போதுமான சான்று. சீனாவில் தூ யூயூவின் குழுவினர் வழக்கமான முறைகளில் எடுத்த சாரங்கள் நிலையான பலன் தரவில்லை. செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன பழைய மருத்துவக் குறிப்பைப் படித்த தூ, வெப்பமே பொருளைக் கெடுத்திருக்கலாம் என்று எண்ணி, 1971இல் ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாரம் எடுத்தபோது எலிகளில் மலேரியா முழுவதுமாக ஒடுங்கியது. செடி அதேதான், மாறியது கரைப்பானும் வெப்பமும் மட்டும்.

கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது, மரபுப் பயன்பாட்டைச் சோதிக்கிறோமா, செடியின் வேதியியலை ஆராய்கிறோமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். சித்த மருத்துவத்தின் குடிநீர் என்பது சரக்கை நீரில் இட்டு நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றவைத்து எடுப்பது. 2012ஆம் ஆண்டு டெங்குப் பரவலின்போது தமிழ்நாடு அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு உட்பட மொத்தம் ஒன்பது சரக்குகள் இருக்கின்றன. நிலவேம்பு இலையை மட்டும் மெத்தனாலில் ஊறவைத்து, ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்கு எதிராக வளையம் கண்டுவிட்டு, "நிலவேம்புக் குடிநீரின் பயன் நிரூபிக்கப்பட்டது" என்று எழுதினால், பொருளும் வேறு, கரைப்பானும் வேறு, கிருமியும் வேறு. டெங்கு வைரசால் வருவது. வைரசுக்கு எதிரான சோதனைக்கு உயிரணு வளர்ப்பும் அதற்குரிய பாதுகாப்பான ஆய்வகமும் வேண்டும். இங்கே ஒப்பிடும் எந்த முறையும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

வேதியியலை நோக்கிய தேடல் என்றால் அசிட்டோனையோ 70 விழுக்காடு எத்தனாலையோ பரிந்துரைக்கிறேன். அவை நீர்ப்பாங்கான பொருள்களையும் எண்ணெய்ப்பாங்கான பொருள்களையும் ஓரளவு சேர்த்தே இழுக்கின்றன. அசிட்டோன் விரைவில் ஆவியாகிவிடுவதால் சாரத்தைச் சூடாக்க வேண்டியதில்லை. நீர்ச் சாரத்தில் சர்க்கரைகள் மிகுந்திருப்பதால் அது பாக்டீரியாவுக்கே உணவாகிவிடுவதுண்டு. அதைக் கிருமிநீக்கம் செய்ய ஆட்டோகிளேவில் வைப்பதைவிட 0.22 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிப்பதே மேல். எந்தக் கரைப்பான் சிறந்தது என்று தீர்மானிக்க எலாஃப் தந்த மொத்த ஆற்றல் என்ற கணக்கு மிகவும் பயன்படும். 1 கிராம் இலையிலிருந்து ஒரு கரைப்பான் 60 மி.கி. சாரம் தந்து, அதன் தடைச் செறிவு 0.25 மி.கி. என்று வைத்துக்கொண்டால், அந்தச் சாரத்தை 240 மி.லி. வரை நீர்த்தாலும் பாக்டீரியாவைத் தடுக்கும். இன்னொன்று 20 மி.கி. மட்டுமே தந்து, தடைச் செறிவு 0.1 மி.கி. என்றால் அது 200 மி.லி. வரைதான். இரண்டாவது சாரம் வீரியமானது. ஆனால் இலையில் இருந்த ஆற்றலை அதிகமாக வெளியே எடுத்தது முதல் கரைப்பான். செடியை வளர்த்துப் பயன்படுத்தப் போகும் ஒருவருக்கு முதல் எண்ணும், புதிய மூலக்கூறைத் தேடுபவருக்கு இரண்டாவது எண்ணும் முக்கியம்.

துளசி, நொச்சி போன்றவற்றின் ஆவியெண்ணெய்களைச் சோதிக்கிறவர்கள் தனியாகக் கவனமெடுக்க வேண்டும். ஆவி பக்கத்துக் குழிகளுக்கும் பரவி, எண்ணெய் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழியையே தடுத்துவிடக்கூடும். தட்டை ஒட்டும் தாளால் மூடி, எண்ணெய் வரிசைகளுக்கும் கட்டுப்பாட்டு வரிசைக்கும் இடையே வெற்று வரிசைகள் விட வேண்டும்.

பாக்டீரியா வகை பெயரளவில் இருந்தால் போதாது. ஈ. கோலை ஏ.டி.சி.சி. 25922, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏ.டி.சி.சி. 29213 போன்ற, அமெரிக்கச் சேமிப்பகமான ஏ.டி.சி.சி.யின் எண் கொண்ட தர வகைகளையோ, சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் எம்.டி.சி.சி. சேமிப்பகத்திலிருந்து எண்ணோடு பெற்ற வகைகளையோ பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு நாளும் சாரத்தோடு ஜென்டாமைசினையும் அதே தட்டில் நீர்த்துப் பார்த்து, ஈ. கோலை 25922க்கு அதன் தடைச் செறிவு 0.25 முதல் 1 மைக்ரோகிராமுக்குள் வந்தால் மட்டுமே அன்றைய முடிவை ஏற்க வேண்டும். வட்டு முறை என்றால் 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் வட்டுக்கு அதே வகையில் 19 முதல் 26 மி.மீ. வர வேண்டும். இந்த எண்களுக்கு வெளியே போனால் ஊடகத்திலோ அடர்த்தியிலோ பிழை இருக்கிறது. சாரத்தின் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும். செடியின் அடையாளமும் இதே அளவு முக்கியம். கீழாநெல்லி என்று சந்தையில் கிடைப்பதில் பிலாந்தஸ் இனத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் கலந்திருக்கின்றன. கோவையில் உள்ள இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ திருச்சியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ மாதிரியைக் காட்டி உறுதி செய்து, சான்று மாதிரிக்கு எண் பெற்ற பிறகே கரைப்பானைத் தொட வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து, மூன்று மாத முதுகலை ஆய்வு செய்பவருக்கு நான் சொல்வது: ஒரு செடி, இரண்டு கரைப்பான்கள், நான்கு தர வகைகள், திரவ நுண்நீர்த்தல், அதன் தொடர்ச்சியாகக் கொல் செறிவு. வட்டு முறையே வேண்டாம். ஐம்பது செடிகளைச் சலித்து எதைத் தொடர்வது என்று பார்க்கும் முனைவர் பட்ட மாணவரும், வளையத்தை நம்பிக் கழிப்பதைவிட, எல்லாச் சாரங்களையும் 1,000, 100 மைக்ரோகிராம் என்ற இரண்டே செறிவுகளில் 96 குழித் தட்டில் பார்ப்பது நல்லது. ஒரே தட்டில் பல செடிகள் அடங்கிவிடும். பின்னர் 100இல் தடுத்தவற்றை மட்டும் முழுமையாக நீர்த்து, உயிர்ப்பதிவுக்குக் கொண்டுபோகலாம். அவற்றை மனித அல்லது விலங்கு உயிரணுக்களின் மேலும் சோதித்து, உயிரணுவைக் கெடுக்கும் செறிவு பாக்டீரியாவைத் தடுக்கும் செறிவைப் போலக் குறைந்தது பத்து மடங்காவது இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்து என்ற சொல்லை எழுதக் கூடாது. வட்டு முறைக்கு நான் இடம் தருவது இரண்டு இடங்களில்: வகுப்பறையில் பரவல் என்ற கருத்தைக் காட்டுவதற்கும், நிறப்பிரிகைப் பத்தியிலிருந்து வரும் பகுதிகளில் எதில் ஆற்றல் இருக்கிறது என்று அன்றன்றைக்கு விரைவாகத் தடம் பிடிப்பதற்கும்.

96 குழித் தட்டும் பலமுனைப் பிப்பெட்டும் எங்கள் கல்லூரியில் இல்லையே என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. குழிகளுக்குப் பதிலாகச் சோதனைக் குழாய்களில் 1 மி.லி. பிராத் ஊற்றி, அதே கணக்கில் பாதிப் பாதியாக நீர்த்து, அதே 5 லட்சம் உயிரணுக்கள் வருமாறு பாக்டீரியாவைச் சேர்த்தால் கிடைக்கும் தடைச் செறிவு, நுண்தட்டு தரும் எண்ணோடு பெரும்பாலும் ஒத்தே இருக்கும். சாரம் மட்டும் கூடுதலாகச் செலவாகும். எந்த வடிவில் செய்தாலும் மூன்று தனித்தனி நாள்களில், ஒவ்வொரு முறையும் புதிதாக வளர்த்த பாக்டீரியாவைக் கொண்டு செய்ய வேண்டும். பாதிப் பாதியான நீர்த்தலில் ஒரு படி ஏற்ற இறக்கம் இயல்பு என்பதால், ஒரு சாரத்துக்கு 125, இன்னொன்றுக்கு 250 என்று வந்தால் அவ்விரண்டும் வேறுபட்டவை என்று வாதிட முடியாது. மூன்று நாளின் எண்களைச் சராசரியாக்கித் திட்ட விலக்கம் போடுவதைவிட, நடுவில் நிற்கும் எண்ணையும் அதன் வீச்சையும் அட்டவணையில் அப்படியே தருவதுதான் சரி.